ஐப்பசி மழைல அழுகுன கத்தரிப் பாத்தி, சரி பண்ணது இப்படித்தான்

எங்க வீடு சென்னை மடிப்பாக்கம் பக்கம், சுத்தமான களிமண்ணு. போன ஐப்பசில மூணு நாள் மழை விட்டதும் கத்தரிச் செடியெல்லாம் மஞ்சளாகி தொங்கிடுச்சு, நான் வெயில்ல வாடுதுன்னு நெனச்சு மேல தண்ணி வேற ஊத்திருக்கேன் பாருங்க. ஒண்ண புடுங்கிப் பாத்தா வேர் பழுப்பாகி கொழகொழன்னு, சாக்கடை நாத்தம்.

தேங்குன தண்ணி வடியட்டும்னு ரெண்டு மூட்டை மணல் கொட்டி கிளறினேன். அது பெரிய தப்பு. களிமண்ணுல கொஞ்சமா மணல் சேந்தா காஞ்சதும் செங்கல் மாதிரி இறுகிடுது, மம்முட்டியே எறங்கல.

அப்புறம் ஒரு அடி குழி தோண்டி, தண்ணிய நெரப்பி வடியவிட்டு திரும்ப நெரப்புனா மறுநாள் காலைலயும் பாதி தண்ணி அப்படியே நிக்குது, அப்பதான் புரிஞ்சுது இது கீழ எறங்காது, பக்கவாட்டுலதான் வெளியேத்தணும்னு. பாத்திய ஒரு அடி ஒசத்தி, ரெண்டு பக்கமும் முக்கால் அடி ஆழ வாய்க்கால் வெட்டி, 10 அடிக்கு ஒன்றரை இன்ச் சரிவு குடுத்தேன். சரிவு பாக்க கொத்தனார் வச்சிருக்குற, தண்ணி நெரப்பி மட்டம் பாக்குற ட்யூப் லெவல்தான், கண்ணால பாத்தா ஏமாந்துருவோம். வாய்க்கால்ல ஒடஞ்ச செங்கல் ஜல்லி, பாத்திக்கு நல்லா மக்குன மாட்டெருவும் இலைக் கம்போஸ்ட்டும். ஈரமா இருக்கப்போ பாத்தில கால் வைக்கிறதே இல்ல, மிதிச்சா திரும்ப இறுகிடும்.

இந்த வருஷம் ராத்திரி பெஞ்சா காலைல வடிஞ்சிடுது. வடியாத அந்த தாழ்வான மூலைல மட்டும் சேம்பு வச்சிட்டேன், அதுக்கு தண்ணி நின்னா குஷிதான்.