செயலிக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று: தனி பேக்கெண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலக் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விசைப்படகு உரிமையாளருக்குக் கைப்பேசியில் இன்றைய விலையும் வர வேண்டிய பாக்கியும் தெரிந்தால் போதும். மொத்த வியாபாரிக்கோ கணினியில் மீன்வாரியாக, படகுவாரியாக நீண்ட பட்டியல் வேண்டும். ஒரே ஏபிஐ (செயலியும் இணையதளமும் சர்வரிடம் தரவு கேட்டுப் பெறும் வழி) இருவருக்கும் பதில் சொன்னால், சிக்னல் குறைந்த இடத்திலும் கைப்பேசி வேண்டாத தரவையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் செயலி, இணையதளம் என்று பயனர் பார்க்கும் ஒவ்வொரு முகப்புக்கும், பின்னாலிருந்து தரவு தரும் நிரலாகத் தனி பேக்கெண்ட் வைக்கிறார்கள். இணைய இசைத்தளமான சவுண்ட்கிளவுட் நிறுவனப் பொறியாளர்கள் கையாண்டு, 2015 வாக்கில் பரவலாக அறியப்பட்ட இந்த முறையின் பெயர் ‘பேக்கெண்ட் ஃபார் ஃபிரண்ட்எண்ட்’, சுருக்கமாக பிஎஃப்எஃப்.

இதில் நடக்கும் தவறுகளில் மிக மோசமானது, வியாபார விதிகளை பிஎஃப்எஃப்புக்குள் எழுதிவிடுவது. 12.35 கிலோ வஞ்சிரம், கிலோ 650 ரூபாய்க்கு ஏலம் போகிறது. சின்னத் திரைக்காகச் செயலியின் பேக்கெண்ட் எடையை 12.4 என்று சுருக்கிவிட்டு, பிறகு பெருக்குகிறது: 8,060 ரூபாய். இணையதளத்தின் பேக்கெண்ட் சுருக்காமல் பெருக்குகிறது: 8,027 ரூபாய் 50 காசு. ஒரே மீனுக்கு இரண்டு தொகை! ஏலக்கூடத்தில் சண்டை மூள இது போதும். இரண்டு நிரலும் தனித்தனியே சோதனையில் தேறியிருக்கும் என்பதால், பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம். கணக்கு, எல்லா பிஎஃப்எஃப்களுக்கும் பின்னால் பொதுவாக இருக்கும் மையச் சேவையில் ஒரே முறை நடக்க வேண்டும். காட்டும் விதத்தை மட்டும் பிஎஃப்எஃப் தீர்மானிக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகின் ஏலப் பதிவை ஏற்கக் கூடாது என்ற விதியும் அப்படியே. அதைச் செயலியின் பக்கம் மட்டும் எழுதினால், இணையதளம் வழியாகப் பதிவு நுழைந்துவிடும்.

பாதுகாப்பிலும் இதே அலட்சியம் உண்டு. வியாபாரியின் வங்கி விவரத்தை பிஎஃப்எஃப் மறைக்கிறது என்பதற்காக, மையச் சேவை கேட்பவருக்கெல்லாம் அதைக் கொடுக்கலாகாது. யாருக்கு எது உரியது என்பதை மையச் சேவையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. விலை, பாக்கி, கடல் நிலை முன்னறிவிப்பு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்காமல் ஒரே நேரத்தில் கேளுங்கள்; ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வையுங்கள். முன்னறிவிப்பு வரவில்லையென்றால் மற்ற இரண்டையும் காட்டிவிடலாம். ஆனால் நேற்றைய முன்னறிவிப்பை இன்றையதுபோல் காட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கடலுக்குப் போகிறவர் அதை நம்பித்தான் போகிறார். பழையதைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், வெளியான நாளும் நேரமும் பளிச்சென்று தெரியட்டும்.

ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று பிரிப்பது பெரும்பாலும் வீண். திரைகள் ஒன்றுபோல் இருந்தால் ஒன்றே போதும். முகப்பை எழுதும் குழுவே அதன் பிஎஃப்எஃப்பையும் கவனிக்கட்டும். வேறு குழுவிடம் இருந்தால், ஒரு பொத்தான் சேர்ப்பதற்கும் அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இணையதளத்தை நினைத்த நேரத்தில் மாற்றலாம். கைப்பேசியில் ஏறிய செயலியை அப்படி மாற்ற முடியாது. பலர் மாதக்கணக்கில் பழைய பதிப்பையே வைத்திருப்பார்கள். எனவே பிஎஃப்எஃப் அனுப்பும் பதிலில் உள்ள ஒரு புலத்தை (விலை, எடை போன்ற ஒரு தரவை) நீக்குமுன், எந்தப் பதிப்புகள் இன்னும் அதைக் கேட்கின்றன என்று சர்வர் பதிவேட்டைப் பாருங்கள்.