டெக்சஸில் இளங்கலை படிக்க வந்திருப்பவர்களுக்கு: பாடம் பதியும் முன் அட்வைசரைப் பாருங்கள்

நம் ஊர்க் கல்லூரியில் முதல் நாளே டைம்டேபிளை ஒட்டிவிடுவார்கள். எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த அறை என்று எல்லாம் முடிவாகியிருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும். இங்கே அந்த டைம்டேபிளை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதுவும் நான்கு வருடத்துக்கும் சேர்த்து. அதற்குத் துணையாக ஒருவரைப் பல்கலைக்கழகமே கொடுத்திருக்கிறது. அவர்தான் அகாடமிக் அட்வைசர். வீடு பிடித்து, சிம் வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து, கடைசியில் அவரைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். அவரை முதலில் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையிலிருந்து டாலஸ் பக்கம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்தவன். முதல் சந்திப்பில் அட்வைசர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "முதல் செமஸ்டருக்கு பிரிகால்குலஸ் போட்டிருக்கிறேன், சரிதானே?" என்று கேட்டார். பிளஸ் டூவில் இன்டகிரேஷன் வரை படித்தவன் நான். ஆனாலும் பெரியவர்களை எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எந்த நிலைப் பாடத்தில் சேரலாம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதினால் நேராக கால்குலஸில் சேரலாம் என்று, அவர் அனுப்பியிருந்த மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

அந்த ஒரு தலையாட்டலுக்கு என்ன விலை தெரியுமா? கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு. இரண்டு முடித்தால்தான் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அது இல்லாமல் சர்க்யூட்ஸ் பாடத்தில் சேர்க்கமாட்டார்கள். சர்க்யூட்ஸோ எங்கள் துறையில் ஃபால் செமஸ்டரில், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில், மட்டும்தான் நடந்தது. ஒரு செமஸ்டர் பிந்தியது ஒரு வருடமாக நீண்டுவிட்டது. அந்த வருடத்து ஃபீஸுக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. அதனால் முதல் சந்திப்பில் வாயைத் திறந்து கேளுங்கள். "இந்தப் பாடம் எனக்கு ஏன்? நான் இதை ஏற்கெனவே படித்திருக்கிறேனே, டெஸ்ட் எழுதலாமா? இது எந்தெந்த செமஸ்டரில் நடக்கும்? இதை விட்டால் அடுத்து எது தள்ளிப்போகும்?" இப்படிக் கேட்பதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. கேட்காமல் போனால் எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் பெரும்பாலும் வாரம் ஒரு மணி நேர வகுப்பு. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். இன்ஜினியரிங்கில் சில இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டால் செமஸ்டருக்கு 15. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு முழுநேரம் என்பது செமஸ்டருக்கு 12 கிரெடிட். பலர் இந்த 12-ஐப் பார்த்து, "அவ்வளவு போதும் போல" என்று நின்றுவிடுகிறார்கள். 12-ஐ எட்டால் பெருக்கினால் 96தான் வரும். மிச்சம் 24 கிரெடிட்டுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் ஆகிவிடும். அதற்காக முதல் செமஸ்டரிலேயே 18 எடுக்கவும் வேண்டாம். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டு மணி நேரம் என்பது இங்கே வழக்கமான கணக்கு. 15 கிரெடிட் என்றால் வகுப்பும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம்.

பாட எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கென்று ஒரு பொது எண் முறை உண்டு. அதில் கால்குலஸ் ஒன்று 'மேத் 2413'. முதல் எண் 2 என்றால் இரண்டாம் ஆண்டு நிலைப் பாடம். இரண்டாவது எண் 4 என்றால் நான்கு கிரெடிட். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு இந்த எண்தான் பாலம். பெற்றோருடன் இங்கே இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அது நல்ல வழி, செலவும் நன்றாகக் குறையும். ஆனால் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் அட்வைசரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். கிரெடிட்டை ஏற்றுக்கொண்டாலும் அது உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைத் துறைக்கு, சேராமல் வெறும் விருப்பப் பாடமாக நின்றுவிடுவது உண்டு.

அப்புறம் கோர் பாடங்கள், அதாவது எந்தத் துறை மாணவரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் எதில் சேர்ந்தாலும் 42 கிரெடிட் கோர் இருக்கிறது. அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் அமைப்பு 6. "கம்ப்யூட்டர் படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒத்திப்போடாதீர்கள். கணக்கும் இயற்பியலும் நெருக்கும் செமஸ்டரில் இந்தப் பாடங்களைக் கலந்துவிட்டால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினால், முன்னால் போட்ட செமஸ்டர் எல்லாம் கடினப் பாடங்களாகவே அமைந்துவிடும்.

இங்கே அரியர் கிடையாது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஃபெயில் ஆனால் நவம்பரில் தேர்வு மட்டும் எழுதித் தேறிவிடலாம் என்ற வழி இல்லை. முழுப் பாடத்துக்கும் மறுபடி பணம் கட்டி, மறுபடி உட்கார வேண்டும். சி மைனஸ் வாங்கித் தேறியிருந்தாலும், அடுத்த பாடத்துக்கு சி தேவை என்று துறை சொன்னால் அதே கதைதான். அதனால் முதல் மிட்டெர்மில் சறுக்கினால் அன்றைக்கே, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருக்கும் ஆபீஸ் ஹவர்ஸ் எப்போது என்று பார்த்துப் போங்கள், அட்வைசருக்கும் எழுதுங்கள்.

பாடத்தை டிராப் செய்வதற்கும் கணக்கு உண்டு. ஃபால் செமஸ்டரிலும், ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரிலும் 12-வது வகுப்பு நாள்தான் எல்லைக்கோடு. அதற்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் தடயம் இருக்காது. அதற்குப் பின் விட்டால் டபிள்யூ என்று பதிவாகும். ஒரு டபிள்யூவால் வாழ்க்கை கெட்டுவிடாது. ஆனால் 2007 ஃபால் முதல் சேர்ந்தவர்களுக்கு டெக்சஸ் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளில் மொத்த இளங்கலைப் படிப்புக்கும் ஆறு டிராப்தான். சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதையும் கேட்டு வையுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். அட்வைசர் பட்டத்துக்கான கணக்கைப் பார்ப்பவர். விசா விதி அவருடைய வேலை அல்ல, அது சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓவின் பொறுப்பு. "இந்தப் பாடத்தை விட்டுவிடு, ஜிபிஏ தப்பும்" என்று அட்வைசர் நல்ல மனதோடு சொல்லலாம். ஆனால் அதனால் 12-க்குக் கீழே போனால் உங்கள் விசா நிலையே ஆடிவிடும். உடல்நிலை, முதல் வருடத்தில் மொழி, புதிய கற்பிக்கும் முறை போன்ற காரணங்களுக்குக் குறைந்த பாரத்தை அனுமதிக்க விதி இருக்கிறது. ஆனால் டிஎஸ்ஓவின் ஒப்புதல் டிராப் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். ஆன்லைன் பாடத்திலும் ஒரு செமஸ்டருக்கு ஒன்று, அதாவது மூன்று கிரெடிட் மட்டும்தான் அந்த 12-இல் சேரும்.

மேஜர் மாற்றும்போதும் அட்வைசர், டிஎஸ்ஓ என்று இரண்டு கதவையும் தட்டுங்கள். எகனாமிக்ஸ் என்று ஒரே பெயரில் இருந்தாலும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் என்ற அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள குறியீடுதான் அதைச் சொல்லும். படித்து முடித்தபின் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாத ஓபிடி என்ற அனுமதியோடு கூடுதலாக 24 மாதம் கேட்க முடியுமா என்பது அந்தக் குறியீட்டைப் பொறுத்தது.

சீனியர் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடத்திட்டம் உதவிதான், ஆனால் அது அவர் சேர்ந்த வருடத்துக் கேட்டலாக்படி, அதாவது பல்கலைக்கழகம் வெளியிடும் பாட விதித் தொகுப்பின்படி, போட்டது. உங்களுடையது மாறியிருக்கலாம். பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட் பக்கத்தை இணையத்தில் திறந்து நீங்களே ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். எட்டு செமஸ்டரையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, சந்திப்புக்குக் கையோடு எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரமும் அறிமுகத்திலேயே கழிந்துவிடும். பேசி முடித்த அன்றே, முடிவானதை நான்கு வரியில் அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தால் அந்த நான்கு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மார்க் விவரம் கேட்டு நீங்கள் அலுவலகத்துக்கு அழைத்தால் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் மார்க் விவரத்தைப் பார்க்கும் உரிமை பிள்ளையுடையது. அவர்கள் மரியாதை இல்லாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம். பிள்ளையிடமே கேளுங்கள், திட்டு விழும் என்ற பயமில்லாமல் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

ஸ்பிரிங் செமஸ்டருக்கான பதிவு பல இடங்களில் அக்டோபர், நவம்பரிலேயே திறந்துவிடும். அந்த வாரங்களில் அட்வைசரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில், கூட்டம் இல்லாதபோது, பென்சில் தாளோடு போய் உட்காருங்கள்.