கடலில் தனியே மிதக்க நேர்ந்தால் படகின் கண்ணில் படுவது எப்படி? ஸ்கூபா டைவர்களுக்கான செய்முறை

தண்ணீரில் மிதக்கும் டைவரிடம் படகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது தலை மட்டும்தான். கறுப்பு ஹூட் போட்டிருந்தால், லேசான அலையிலேயே சில நூறு மீட்டர் தூரத்தில் அதுவும் மறைந்துவிடும். உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், அலையே இல்லாத கடலிலும் தொடுவானம் சுமார் 2 கிலோமீட்டர்தான். படகு உங்களுக்குத் தெரிகிறது என்பதால் நீங்களும் அவர்களுக்குத் தெரிகிறீர்கள் என்று நம்பிவிடாதீர்கள். நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு நாட் வேக ஓட்டம் மணிக்கு 1.85 கி.மீ. இழுத்துப் போகும். தேடல் அரை மணி நேரம் தாமதமானால் நீங்கள் 900 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள்.

2022 ஏப்ரல் 6 அன்று மலேசியாவின் மெர்சிங் கரைக்கு அப்பால் பயிற்சி டைவுக்குப் போன நான்கு பேர் மேலே வந்தபோது பக்கத்தில் படகு இல்லை. அவர்களில் இருவரை மீனவர்கள் கண்டெடுத்தபோது தேதி ஏப்ரல் 9. நால்வரில் ஒரு சிறுவன் உயிர் பிழைக்கவில்லை. 1998-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இரண்டு டைவர்களை விட்டுவிட்டே படகு கரை திரும்பியது. ஆள் குறைவதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். அதனால் எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால், படகில் பெயர் சொல்லிக் கணக்கெடுக்கிறார்களா என்று பாருங்கள். தலையை மட்டும் எண்ணுகிற படகில், பெயர்ப் பட்டியல் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படை டைவிங் சான்றிதழ் வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மிதப்புக் கட்டுப்பாடு, சேஃப்டி ஸ்டாப் (ஏறும் வழியில் சில நிமிடம் நிற்பது) பற்றியெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை.

என்ன வாங்குவது?

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிஎஸ்எம்பி வாங்குங்கள். நீருக்கடியிலிருந்து காற்றடைத்து மேலே அனுப்பும் நீளமான பை அது. 1.2 மீட்டருக்குக் குறைவானது வேண்டாம், 1.8 மீட்டர் இருந்தால் நல்லது. நிறம் ஆரஞ்சு அல்லது பளீர் மஞ்சள். உச்சியில் ஒளியைத் திருப்பும் சோலாஸ் டேப் இருக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்த பைகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மேலே போனதும் அலையில் சாய்ந்து காற்றைக் கொட்டிவிடும். காற்று திரும்ப வராத வாயும், வாயால் ஊதும் குழாயும், காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வும் உள்ள மூடிய பையைத்தான் நான் சொல்வேன். கூடுதல் விலையைக் கொடுத்துவிடுங்கள்.

கயிற்றுக்கு 30 மீட்டர் ஃபிங்கர் ஸ்பூல் (விரல் நுழையும் துளையுள்ள எளிய உருளை) போதும். கைப்பிடியும் லாக்கும் உள்ள ரீல் சுற்றுவதற்குச் சுலபம், ஆனால் சிக்கினால் லாக்கைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பூலில் சிக்குவதற்கு அசையும் பாகமே இல்லை.

மற்றவை சின்னச் சின்னச் சாமான்கள்: உள்ளே குண்டு இல்லாத விசில், நடுவில் துளை உள்ள சிக்னல் கண்ணாடி, ஒரு சிறு டார்ச். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு அதிகமில்லை. கைத்தீப்பந்தம், ராக்கெட் வகையறாக்களை டைவர் சுமக்க வேண்டாம், அவை படகில் இருக்கட்டும். அவற்றை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள்.

பையை மேலே அனுப்புவது

பலரும் தடுமாறும் இடம் இது. முதலில் நீச்சல் குளத்தில், பிறகு ஆழம் குறைந்த கடலில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது பழகுங்கள்.

1. ஸ்பூலின் கயிற்றைப் பையோடு கரையிலேயே கட்டிவிடுங்கள். பையை உச்சியிலிருந்து அடிப்பக்கம் நோக்கிச் சுருட்டினால் காற்றடிக்கும் வாய் வெளிப்புறம் நிற்கும். ரப்பர் வளையம் போட்டு, வலது பாக்கெட்டில் வையுங்கள்.

2. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் நின்று, கூட வருபவருக்குச் சைகை காட்டுங்கள். தலைக்கு மேலே படகு இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள், கேட்டால் காத்திருங்கள். பையை விரித்துத் தொங்கவிடுங்கள்.

3. ஸ்பூலில் மாட்டியுள்ள போல்ட் ஸ்னாப் கொக்கியைக் கழற்றி உங்கள் பட்டையிலுள்ள டி-ரிங் வளையத்தில் மாட்டுங்கள். ஸ்பூல் கையில் மட்டுமே இருக்க வேண்டும். ஸ்பூலை உடலோடு மாட்டிக்கொண்டு பையை விட்டால், கயிறு சிக்கிய நொடியில் பையோடு நீங்களும் மேலே போவீர்கள். இந்தப் பயிற்சியில் உயிருக்கே ஆபத்தான தவறு இதுதான்.

4. இப்போது காற்று. 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், மேலே 1 பார். அதனால் பாதிப் பை நிரப்பினாலே மேலே போய் முழுசாக நிமிரும். ஆக்டோபஸை, அதாவது உபரி மூச்சுக்கருவியை, அழுத்தி நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் அது வேண்டாம் என்பேன். சிலிண்டரிலிருந்து வரும் காற்று முழுக்கப் புதிதாகச் சேரும் மிதப்பு. 3 லிட்டர் காற்று 3 கிலோ தூக்கும். ஆக்டோபஸ் ஃப்ரீஃப்ளோ ஆகி, காற்று நிற்காமல் கொட்டவும் வாய்ப்புண்டு. வாயால் ஊதினால், நுரையீரலில் ஏற்கெனவே இருந்த காற்றுதான் பைக்கு இடம் மாறுகிறது. ஊதும் நேரத்தில் உங்கள் மிதப்பு மாறாது.

ஊதி முடித்து அடுத்த மூச்சை இழுத்ததும்தான் மேலே இழுக்கத் தொடங்கும். பை ஒருபுறம் தூக்கும், நிறைந்த நுரையீரல் இன்னொருபுறம். ஆகவே ஊதும் முன்பே பிசிடியிலிருந்து (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள். முதலில் அரை மூச்சு மட்டும் ஊதுங்கள். பை நிமிர்ந்து நிற்கும். கயிறு அளவுமானிகள் உள்ள கன்சோலிலோ காலில் போட்ட ஃபின்னிலோ விரலிலோ சுற்றியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாவதாக முழு மூச்சை ஊதி, உடனே விடுங்கள். இடையில் நின்று யோசிக்காதீர்கள்.

5. கையை நீட்டி, ஸ்பூலின் துளை வழியே ஒரு விரலும் எதிர்ப்பக்கம் கட்டைவிரலும் வைத்துத் தளர்வாகப் பிடித்தால் ஸ்பூல் தானே சுழலும். சிக்கினால் விட்டுவிடுங்கள். பை போனால் போகட்டும், 10 மீட்டரிலிருந்து விருட்டென்று மேலே போவதுதான் நுரையீரலுக்கு ஆபத்து.

6. கயிறு ஓடுவது நின்றதும் தொய்வைச் சுற்றி எடுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். கயிறு தொய்ந்தால் மேலே பை படுத்துவிடும். படுத்த பை படகிலிருந்து மிதக்கும் குப்பையைப் போலத்தான் தெரியும்.

மேலே வந்த பிறகு

பிசிடியை நிரப்புங்கள். படகு பக்கத்தில் இல்லையென்றால் எடைகளைக் கழற்றிப் போடுங்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். அலை முகத்தில் அடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். வாயால் ஊதிப் பையைக் கெட்டியாக்கி, அடிப்பக்கத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக் கீழே இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். கையால் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் தோள் வலித்துவிடும். கூட்டமாக இருந்தால் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாதீர்கள். களைப்பைத் தவிர எதுவும் மிஞ்சாது. தேடுபவர்களும் ஓட்டத்தின் திசையில்தான் தேடுவார்கள்.

விசில் உங்கள் படகுக்காக. இன்ஜின் ஓடினால் அவர்களுக்குக் கேட்காது. இன்ஜின் சத்தம் நிற்கும்போது ஊதுங்கள். சிலிண்டர் காற்றில் இயங்கும் டைவ்அலர்ட் போன்ற ஹாரன் விசிலைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கும். சிலிண்டரில் காற்று இருக்கும்வரைதான் அது வேலை செய்யும், 50 பார் காற்று மிச்சத்தோடு மேலே வர இன்னொரு காரணம்.

கண்ணாடி வெயில் நேரத்தில் மிக வலிமையானது, பல கிலோமீட்டர் தெரியும். ஒரு கையை நீட்டி இரண்டு விரல்களை V போல விரித்து, நடுவில் படகு தெரியும்படி வையுங்கள். கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து, வெளிச்சத்தை அந்த விரல்களில் விழச்செய்து மெல்ல ஆட்டுங்கள். ஒளி படகைத் தொடும். பழைய சிடி தட்டும் இதற்கு உதவும், அதன் நடுத்துளை வழியே பார்க்கலாம்.

இரவில் டார்ச்சைப் பைக்கு அடியில் வைத்து மேல்நோக்கி அடித்தால் பை முழுக்க ஒளிரும். படகோட்டியின் முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். ஹெலிகாப்டரை நோக்கி அடிக்கவே வேண்டாம். பச்சை நிறச் சாயப்பொடி விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் பயன்படும். கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும் என்பதால், விமானத்தின் சத்தம் கேட்ட பிறகே பொட்டலத்தைப் பிரியுங்கள்.

மின்னணுக் கருவிகள்

இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

நாட்டிலஸ் லைஃப்லைன் போன்றவை உங்கள் இடத்தை ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தைத் தெரிவிக்கும் ரேடியோ முறை) வழியாகவும் விஎச்எஃப் டிஎஸ்சி (கடல் ரேடியோவின் அபாய அழைப்பு முறை) வழியாகவும் சுற்றியுள்ள கப்பல்களுக்கு அனுப்பும். 130 மீட்டர் ஆழம் தாங்கும், தனி உறை வேண்டாம். கப்பல்களின் திரையில் 972 என்று தொடங்கும் எண்ணோடு தோன்றுவீர்கள். ஆனால் நீர்மட்டத்திலிருந்து அனுப்புவதால் சிறு படகுகளுக்குச் சில கடல் மைல் வரைதான் எட்டும். அதோடு எதிர்ப்பக்கம் அந்தச் செய்தியை வாங்கும் கருவி இருக்க வேண்டும். நம் கரையோர ஃபைபர் படகுகள் பலவற்றில் ஏஐஎஸ் திரை இருப்பதில்லை. பல நாள் கடலிலேயே தங்கும் லைவ்அபோர்டு பயணங்களுக்கு இதுவே என் முதல் தேர்வு. அரை நாள் டைவுக்கு, படகோட்டியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வகை பிஎல்பி (கையடக்க அபாய அறிவிப்புக் கருவி). இது 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் எனும் சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களோடு பேசும். ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும், குறைந்தது 24 மணி நேரம் உழைக்கும். செய்தி மீட்பு மையத்துக்குப் போகுமே தவிர உங்கள் படகுக்குப் போகாது. மீட்புக் கப்பல் வரச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை டிஎஸ்எம்பிதான் துணை. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போதைய பிஎல்பியிலும் 121.5 உண்டு, ஆனால் அது பக்கத்தில் வந்துவிட்ட மீட்பவர்கள் உங்களைத் தேடிப் பிடிக்க மட்டும்.

ஓஷன் சிக்னல் பிஎல்பி1 15 மீட்டர் வரைதான் தாங்கும். எனவே நீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையம் போட்ட டைவிங் டப்பா கட்டாயம். மேலே வந்ததும் டப்பாவைத் திறக்கும் முன் பிஎல்பியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். ஆன்டெனாவை முழுசாக நீட்டி, பொத்தானை அழுத்தி, ஜிபிஎஸ் பகுதியை உள்ளங்கையால் மூடாமல் வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள். ஆன்டெனா தண்ணீரில் படுத்தால் செய்தி போகாது. ஒருமுறை இயக்கிய பிறகு, மீட்கும்வரை அணைக்காதீர்கள்.

வாங்கியதும் 15 எழுத்து அடையாள எண்ணைப் பதிவு செய்யுங்கள். அதில் வரும் இந்திய நாட்டுக் குறியீடு 419. பிஎல்பி செய்திகளைப் பெறும் இந்திய மையம் பெங்களூருவில் இஸ்ரோவின் கீழ் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கினால் அந்நாட்டுக் குறியீட்டோடு வரும், அங்கேதான் பதிய வேண்டும். அவசரத் தொடர்புக்குக் கரையில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். உங்களோடு டைவுக்கு வருபவரின் எண் அங்கே உதவாது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

டப்பா மூடி திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வெயிலில் காய்ந்த டப்பாவை அப்படியே மூடினால், கடலில் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து மூடி ஒட்டிக்கொள்ளும். நிழலில் வைத்து மூடுங்கள், ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், ஈரக்கையால் திறந்து பழகுங்கள்.

கார்மின் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியை எடுத்து வரலாமா என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். இந்தியாவுக்கு வேண்டாம். செயற்கைக்கோள் தொலைபேசி, இன்ரீச் போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் கைதான பயணிகள் உண்டு.

படகில் என்ன இருக்க வேண்டும் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கு சேனல் 16. செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 இலவச எண். மீன்பிடிப் படகுகளுக்கென இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி டிஏடி உங்கள் படகில் இருக்கிறதா, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கிளம்பும் முன் கேட்டு வையுங்கள்.