நர்சிங் சேரப் போகிறீர்களா? விண்ணப்பத்திலிருந்து பதிவு எண் வரைக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு நர்சிங் ஆசை வந்தாலும், "ஜிஎச்ல சிஸ்டரா இருக்கிற அக்காகிட்ட கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் சொல்வதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் என் சித்தி மகள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நடந்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். ஒன்றரை வருடம் படித்தாள். சித்தியின் சங்கிலி அடகுக்குப் போனது. வெள்ளை யூனிஃபார்ம், குத்துவிளக்கு ஏற்றி உறுதிமொழி எல்லாம் நடந்தது. கடைசியில் கொடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு அவளால் செவிலியராகப் பதிவு செய்யவே முடியவில்லை. அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே கிடையாது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

படி 1: சேரும் முன் வார்டைப் பாருங்கள்

தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்தால் ஒரு ராத்திரி துணைக்குத் தங்குங்கள். சிறுநீர்ப் பை மாற்றுவது, வாந்தி துடைப்பது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவது, விடியற்காலை நான்கு மணிக்கும் பிபி பார்ப்பது எல்லாம் கண்ணில் படும். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அது பழகிவிடும். நோயாளி வலியில் கத்தும்போது உங்கள் கால் அவர் பக்கம் போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு வேலையைப் பழகிப் பார்க்கலாம். பாட்டியின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடியைப் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. பிறகு கையை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று சொன்னால் அவர்கள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். 12 முதல் 20 வரை இயல்பு. இந்த இரண்டு நிமிடம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

படி 2: எந்தப் படிப்பு?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் நாட்டில் இந்தப் பட்டப்படிப்பு 1946-இல் டெல்லியிலும் நம் வேலூர் சி.எம்.சி.யிலும்தான் முதலில் தொடங்கியது.

ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவப் பராமரிப்பு இரண்டும் சேர்ந்தது) மூன்று ஆண்டு டிப்ளமோ. அறிவியல் எடுக்காதவர்களுக்கும் விதியில் இடம் உண்டு. முடித்த பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. துணை சுகாதார நிலையத்தில் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர்கள் இந்த வழியில் வந்தவர்கள்.

மதிப்பெண்ணும் வசதியும் இருந்தால் பி.எஸ்சி.யே எடுங்கள் என்பேன். ஜி.என்.எம். குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் வேலை கற்றுக்கொண்ட சீனியர் அக்காக்களில் பாதிப் பேர் ஜி.என்.எம். படித்தவர்கள்.

படி 3: பணம் கட்டும் முன் சரிபார்ப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. சட்டப்படி செவிலியராக வேலை பார்க்க மாநில கவுன்சிலில் பதிவு வேண்டும். நமக்கு அது சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆகவே கல்லூரி வாசலில் முதலில் கேட்க வேண்டியது, "படித்து முடித்தால் கவுன்சில் பதிவு கிடைக்குமா?" என்பதுதான். கட்டணம் அப்புறம்.

வாய்ப்பேச்சை நம்பாமல், குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நல்ல கல்லூரியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி போர்டு வைப்பதும் உண்டு. பி.எஸ்சி. என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியாக இல்லாவிட்டால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். எத்தனை இடங்களுக்கு அனுமதி என்றும் கேளுங்கள். அனுமதித்த இடத்துக்கு மேல் சேர்த்துக்கொண்டால், மூன்றாம் நான்காம் வருடத்தில் உங்கள் பெயர்தான் சிக்கலில் மாட்டும்.

"ஒரே வருஷத்துல நர்ஸ்", "பத்தாவது ஃபெயிலும் சேரலாம்", "நூறு சதவீதம் வெளிநாட்டு வேலை" என்று நோட்டீஸ் அடித்திருந்தால் விலகிவிடுங்கள். உதவியாளர் வேலைக்கான குறுகிய கோர்ஸ்கள் உண்டு, அவை நேர்மையான வேலைக்கே வழி. ஆனால் அவற்றைச் செவிலியர் படிப்பு என்று விற்பது பச்சைப் பொய். ஏஜென்ட் மூலமாக வெளிமாநிலத்தில் சேர்பவர்களும் அந்த மாநில கவுன்சில் பட்டியலைப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

படி 4: விண்ணப்பம்

அரசுக் கல்லூரி இடங்களையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வில் நிரப்புகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவையில்லை. ராணுவச் செவிலியர் பணிக்கான படிப்பு போன்ற சிலவற்றுக்கு நீட் எழுத வேண்டும். சாதி, இருப்பிட, வருமானச் சான்றுகளை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தம்பிகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

படி 5: முதல் வருடத்தைத் தாண்டுவது

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அனாடமி புத்தகத்தைத் திறந்ததும் அழுதுவிடுவார்கள். நானும் அழுதேன். எனக்குக் கைகொடுத்தது சொல்லைப் பிரித்துப் படிப்பது. 'கார்டியோ' இதயம், 'ஹெபடோ' கல்லீரல், 'நெஃப்ரோ' சிறுநீரகம். கடைசியில் 'ஐடிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி அகற்றுவது. அப்படியென்றால் அப்பெண்டிசைடிஸ் நோய், அப்பெண்டிசெக்டமி ஆபரேஷன். தினம் ஐந்து சொல் நோட்டில் எழுதுங்கள். ஒரு செமஸ்டருக்குள் பயம் போய்விடும்.

வார்டு போஸ்டிங்கில் செய்யாததைச் செய்ததாக கேஸ் ஷீட்டில் (நோயாளியின் குறிப்புத் தாளில்) எழுதாதீர்கள். பிபி எடுக்க மறந்தால் மறந்ததைச் சொல்லித் திட்டு வாங்குங்கள். நீங்கள் கற்பனையாக எழுதிய 120/80-ஐ நம்பி டாக்டர் மருந்தை மாற்றினால் அனுபவிப்பது நோயாளி.

படி 6: பதிவும் வேலையும்

கடைசித் தேர்வு ரிசல்ட் வந்ததும் தள்ளிப்போடாமல் குழுமத்தில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு எண் வந்த பிறகே வேலை. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது. பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் தொடங்குவார்கள், பணி நிரந்தரமாவதற்குக் காத்திருக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்ற தேர்வு. தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிநாடு போக நினைப்பவர்கள் இங்கே வார்டில் இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டு, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதிவுச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு வெளிநாட்டுக்காக முத்திரை வாங்கப் போகும்போது தொல்லை. முதலில் சொன்ன என் சித்தி மகள் அடுத்த வருடமே முறையான ஜி.என்.எம். சேர்ந்து முடித்தாள். தன் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.