ஈமேக்ஸில் எழுதிய நிரலை பேக்கேஜ் ஆக்கி மெல்பாவில் ஏற்றுவது

ஈமேக்ஸ் எடிட்டர் திறக்கும்போது படிக்கும் இனிட் ஃபைலில் கிடக்கும் ஒரு ஃபங்ஷன் உங்களுக்கு நன்றாக உழைக்கிறது, நண்பர்களும் கேட்கிறார்கள் என்றால் அதை மற்றவர்களும் இன்ஸ்டால் செய்யும்படி பேக்கேஜ் ஆக்கி, ஈமேக்ஸ் பேக்கேஜ்களைத் தொகுத்துத் தரும் மெல்பாவில் (MELPA) ஏற்றிவிடலாம். பேக்கேஜ் மேனேஜர் ஈமேக்ஸ் 24-இலிருந்தே (2012) உள்ளே இருக்கிறது. ஒரே கோப்புதான் என்றால் தனியாக எதையும் கட்டி அனுப்ப வேண்டாம், அந்தக் கோப்பே பேக்கேஜ்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கர்சர் இருக்கும் இடத்தில் தேதி போடும் கட்டளை, பெயர் தேதி-ஸ்டாம்ப்.

முதலில் பெயர்கள். ஈமேக்ஸின் நிரல் மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பில் நேம்ஸ்பேஸ் கிடையாது, எல்லாருடைய ஃபங்ஷனும் ஒரே இடத்தில்தான் போய் விழும். அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனும் வேரியபிளும் பேக்கேஜ் பெயரில் தொடங்க வேண்டும். மற்றவர்கள் தொடக்கூடாததற்குப் பெயரை அடுத்து இரட்டை ஹைஃபன்.

அடுத்தது ஹெடர். பலரும் இதை வெறும் கமெண்ட் என்று நினைத்து அலட்சியமாக எழுதுகிறார்கள், ஆனால் பேக்கேஜ் மேனேஜர் படிப்பதே இதைத்தான். முதல் வரியில் மூன்று அரைப்புள்ளி, கோப்பின் பெயர், மூன்று ஹைஃபன், ஒரு வரி விளக்கம், கடைசியில் லெக்சிகல் பைண்டிங்கை (வேரியபிள் எழுதிய பகுதிக்குள் மட்டும் செல்லும் முறை) ஆன் செய்யும் குறிப்பு. இந்தக் குறிப்பு முதல் வரியில் இல்லாவிட்டால் வேலை செய்யாது. கீழே ஆத்தர், வெர்ஷன், யுஆர்எல், அப்புறம் பேக்கேஜ்-ரிக்வயர்ஸ். இந்தக் கடைசி வரியில் குறைந்தபட்ச ஈமேக்ஸ் பதிப்பைப் போடுங்கள், வேறு பேக்கேஜ்கள் தேவையென்றால் அவற்றையும். பிறகு கமென்டரி, கோட் என்ற இரண்டு தலைப்புகள். கோடின் முடிவில், இந்தக் கோப்பு லோடு ஆகிவிட்டது என்று ஈமேக்ஸுக்குச் சொல்லும் ப்ரொவைட், அதற்கும் கீழே கோப்பு இங்கே முடிகிறது என்று சொல்லும் வரி. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பழைய ஈமேக்ஸ்கள் இன்ஸ்டால் செய்யவே மறுக்கும்.

இன்ஸ்டால் ஆனது, ஆனால் கட்டளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் எம்-எக்ஸில் (M-x) கட்டளையைக் காணோம் என்றால், அதை அழைக்கும்போது கோப்பைத் தானாக லோடு செய்யச் சொல்லும் ஆட்டோலோட் குறியை விட்டிருப்பீர்கள். பயனர் நேரடியாக அழைக்கும் கட்டளைக்கு மேலே மட்டும் ;;;### போட்டு ஆட்டோலோட் என்று எழுதினால் போதும். பார்க்கும் இடத்தில் எல்லாம் தூவாதீர்கள்.

சரி, சோதனை. ஈமேக்ஸை பெரிய எழுத்து க்யூ ஆப்ஷனோடு (-Q) திறந்து, பேக்கேஜ்-இன்ஸ்டால்-ஃபைல் கொடுங்கள். உங்கள் இனிட் ஃபைல் லோடு ஆகாததால், எழுத மறந்த ரிக்வயர் (தேவையான வேறு கோப்பை லோடு செய்யும் வரி) உடனே பல்லைக் காட்டும். பிறகு பைட்-கம்பைல் (கோடை மொழிமாற்றும்போது எச்சரிக்கைகளைக் காட்டும்), செக்டாக் (விளக்கக் குறிப்புகளைச் சோதிக்கும்), பேக்கேஜ்-லின்ட் (பேக்கேஜ் விதிகளைச் சோதிக்கும்) மூன்றையும் ஓட்டுங்கள். நீங்கள் சொன்ன ஈமேக்ஸ் பதிப்பில் இல்லாத ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் லின்ட் சொல்லிவிடும், மெல்பாவில் ரிவ்யூ செய்பவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி ஏற்றுவது. ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் லைசென்ஸோடு ஒத்துப்போகும் லைசென்ஸ் வைத்து நிரலை கிட்ஹப்பில் போடுங்கள். மெல்பா ரெப்போவை (கோப்புகளின் களஞ்சியம்) ஃபோர்க் செய்து, அதாவது உங்கள் கணக்கில் நகல் எடுத்து, ரெசிபிஸ் ஃபோல்டரில் பேக்கேஜ் பெயரிலேயே ஒரு சின்ன கோப்பு: பெயர், எங்கிருந்து எடுப்பது, எந்த ரெப்போ, அவ்வளவுதான். இதைச் சேர்க்கக் கேட்டு புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள், பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள்.

சேர்ந்த பிறகு ஒன்றை நினைவில் வையுங்கள்: மெல்பா உங்கள் வெர்ஷன் வரியைப் பார்ப்பதில்லை, கடைசி கமிட்டின் தேதியையே 20240115.930 மாதிரி எண்ணாக்கிவிடும். ரெப்போவின் மெயின் கிளையில் அரைகுறையாகப் புஷ் செய்தால் அதுவும் பயனர்களுக்குப் போகும். டேக் போட்ட பதிப்புகள் மெல்பா ஸ்டேபிளுக்குப் போகும், ஆனால் தேதி எண்ணோடு இன்ஸ்டால் செய்தவருக்கு உங்கள் 1.2 எப்போதும் பழசாகத்தான் தெரியும்.

மெல்பா தவிர க்னூ எல்பா, நான்-க்னூ எல்பா என்ற தொகுப்புகளும் உண்டு. க்னூ எல்பாவில் சேர்க்க பதிப்புரிமையை எஃப்எஸ்எஃப்புக்கு (சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை) எழுதித் தர வேண்டும், நான்-க்னூ எல்பாவில் அது தேவையில்லை. எதிலும் சேர்க்க மனமில்லையா, ஈமேக்ஸ் 29 வைத்திருப்பவர்களிடம் ரெப்போ முகவரியைக் கொடுத்து பேக்கேஜ்-விசி-இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள்.