மறைந்தவர் குரலை மீட்க வாய்ஸ் மெசேஜே போதும்

இறந்துபோனவரின் குரலை ஏஐ மூலம் மறுபடி உருவாக்கக் கல்யாண வீடியோவைத் தேடாதீர்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை எடுங்கள். குரலை நகலெடுக்கும் குளோனிங் மென்பொருளில் அதன் அசல் ஃபைலையே ஏற்றுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவுசெய்தால் அறையின் எதிரொலியும் ஒட்டிக்கொள்ளும்.

குளோனிங் மென்பொருள் காதில் விழுவதையெல்லாம் குரல் என்றே எடுத்துக்கொள்ளும், நாதஸ்வரம், மின்விசிறி இரைச்சல் உட்பட. ஒரு மணி நேரச் சந்தடியைவிட, அவர் மட்டும் பேசும் 2 நிமிடம் எவ்வளவோ மேல். இருமலை வெட்டிவிடுங்கள். ஆனால் "சாப்ட்டியாப்பா" என்று கடைசியில் இழுப்பாரே, அதைத் தொடவே தொடாதீர்கள். ஆளே அதில்தான் இருக்கிறார்.

கடைசி நாட்களில் நோயில் தளர்ந்த குரல் மட்டுமே கையில் இருந்தால் இது சரிவராது. வருவதும் அந்தத் தளர்ந்த குரல்தான். அப்புறம், வீட்டில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள்.