நேரக் கணக்குக்கு ஒரு விரிதாள் போதும்

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்கத் தனிச் செயலி தேடி அலைய வேண்டாம். எக்செலோ கூகுள் ஷீட்ஸோ போதும். வேலை, தொடக்கம், முடிவு, எடுத்த நேரம் என்று நான்கு பத்திகள் போடுங்கள். நேரத்தைக் கையால் தட்டவும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அப்போதைய நேரம் தானாகப் பதிவாகும். கடைசிப் பத்தியில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்கும் சூத்திரம், அவ்வளவுதான்.

பலரும் தடுமாறுவது மொத்தக் கூட்டலில். 26 மணி நேரம் வேலை செய்திருப்பீர்கள், அது 2 மணி என்று காட்டும். கணக்கு தப்பில்லை, கூட்டுத்தொகையைக் கடிகார நேரமாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட், நம்பர், டியூரேஷன் என்று போய் மாற்றுங்கள். எக்செலில் நேர வடிவங்களுக்குள் 37:30:55 என்று மாதிரி காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், நள்ளிரவைத் தாண்டிய வேலை என்றால் விடை எதிர்மறையாகிவிடும். அந்த வரியில் மட்டும் 1 கூட்டுங்கள், விரிதாளுக்கு 1 என்பது ஒரு முழு நாள்.

வேலைகளை மட்டும் ரொம்பப் பொடிப்பொடியாகப் பிரிக்காதீர்கள். ஐந்தாறு வகை போதும். அதற்கு மேல் போனால் எதில் எழுதுவது என்று யோசிப்பதே தனி வேலையாகிவிடுகிறது.